பதினெட்டு நிமிடம்

நான்கே பாட்டு. எல்லாம் சேர்த்துப் பதினெட்டு நிமிடம். அதை மேடையில் ஒரே ஒருமுறை பாடிவிட வேண்டும் என்றுதான் விளாங்குடியில் ஒரு சின்ன மகாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் பிடித்திருந்தார்கள். கிட்டார் வாசிக்கும் ஜுல்பிகர் திங்கட்கிழமை தோஹாவுக்கு வேலைக்குப் போகிறான். போனால் இரண்டு வருடம். அதற்குப் பிறகு இந்தக் குழு இருக்குமென்ற நம்பிக்கை ரூபினாவுக்கு இல்லை. ஒன்றரை வருடம் மூடிய அறைக்குள் பாடிய பாட்டுகளை, அவன் வாசிக்க, ஆட்கள் முன்னால் ஒரு தடவை பாட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

டிரம்ஸ் அடிக்கும் தங்கப்பாண்டி காரியத்தைக் கெடுத்தான். அவர்கள் பாடும் டிரீம் பாப் என்பது குரலும் கிட்டாரும் எதிரொலியில் கலந்து, அரைத்தூக்கத்தில் கேட்பதுபோல மிதந்து வரும் பாட்டு. அதற்குப் போய்ச் சிறப்பு விருந்தினர் ஏழு பேரைக் கூப்பிட்டிருந்தான். பாட்டெல்லாம் காலையிலேயே இணையத்தில் வந்துவிட்டது. ஆனாலும் வெளியிடக் கையில் ஒரு பொருள் வேண்டுமாம். பத்து சிடி அடித்துக்கொண்டு வந்தான். அதைப் போட்டுக் கேட்க அந்த மகாலில் ஒருவரிடமும் எதுவும் கிடையாது.

"வந்தவுகளுக்கு மரியாத பண்ணாம விட முடியுமா ரூபினா? செத்த பொறு" என்றான்.

ஏழு பேருக்கும் பொன்னாடை. போர்த்தியவர்களுக்குப் பதில் பொன்னாடை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தான் இன்னும் பாட்டைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டே இருபத்தைந்து நிமிடம் அந்தப் பாட்டுகளைப் புகழ்ந்தார். என்ன நெஞ்சழுத்தம். ரூபினா மேடையோரம் நின்று செல்போனில் மணியைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். ஐந்தே கால். நாலும் பாடிவிடலாம். ஐந்தரை. இப்போதும் பாடலாம்.

ஐந்து நாற்பதுக்குக் கடைசி விருந்தினர் இறங்கினார். ரூபினா மைக்கைப் பிடிக்கப் போனாள். தங்கப்பாண்டி முந்திக்கொண்டான்.

"வெளிநாடு போற நம்ம ஜுல்பிகர் இப்ப ரெண்டு வார்த்த பேசுவாரு."

ஜுல்பிகர் பேசுகிற ஆளே இல்லை. ஒரு நிமிடத்தில் முடிப்பான் என்று அவள் நினைத்தாள். அவனோ, பழைய கிட்டார் ஒன்றை வாங்கித் தந்த அத்தாவில் ஆரம்பித்தான். அவன் அப்பா, போன ரம்ஜானுக்கு முன்னால் இறந்துபோனவர். அங்கே குரல் உடைந்தது. அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. மாமா, கூட்டாளிகள், குர்ஆன் ஓதிக்கொடுத்த அஜரத், மகால்காரர் என்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான். முன்வரிசையில் அவன் அம்மா அஜ்மல் பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரூபினா ஆத்திரத்தோடு மணியைப் பார்த்தாள். ஐந்து ஐம்பது. போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தால் போதும். அழுகிறவனை எப்படி இழுப்பது?

அவன் ஒருவழியாக முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிட்டாரை மாட்டியபோது, மகாலைப் பார்த்துக்கொள்ளும் பேயாண்டி சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"தம்பி, மணி ஆறாகப் போகுது. வளைகாப்பு வீட்டுக்காரக தட்டோட வாசல்ல நிக்கிறாக."

"ஒரே ஒரு பாட்டுண்ணே" என்றான் தங்கப்பாண்டி.

"நெறமாசக்காரி நிக்கிதுப்பா."

தங்கப்பாண்டி டிரம்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். ஏழு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்குவதற்கு ரூபினா இரண்டு மணி நேரமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட இப்போது உதவவில்லை.

ஜுல்பிகர் அவள் பக்கத்தில் வந்தான். கண் இன்னும் சிவந்திருந்தது.

"நான் ரொம்ப நேரம் பேசிட்டேனா ரூபினா?"

"இல்ல," என்றாள். "ரெண்டு நிமிசந்தேன்."