பக்கத்தில் நின்ற பிள்ளை

விடுமுறைக்குக் கடற்கரையில் போட்டிருந்த கூடாரத்துக் கயிறு தடுக்கி என் வீட்டுக்காரர் மறுபடியும் விழப்போனபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? பள்ளிக்கூட பஸ் ஓட்டுற மனுஷனுக்கு ஒரு கயிறு தெரியலையா?"

அடுத்த கூடாரத்துக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். எனக்கு ஏற்கெனவே கடுப்பு. என் தம்பி காரைத் தருகிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான். இவரோ, "லீவுலயும் ஸ்டியரிங்கா?" என்று சொல்லி, கூடாரம், அடுப்பு, பாய் எல்லாவற்றையும் ரயிலில் சுமக்க வைத்துவிட்டார்.

வெயில் ஏறுமுன் ஊரைச் சுற்றக் கிளம்பினோம். கடற்கரைத் தெருவில் எள் போட இடமில்லை. தொப்பிக் கடை, கிளிஞ்சல் கடை, வாடகை சைக்கிள் என்று எங்கள் மகள் ஒன்றையும் விடவில்லை. வாய் ஓயாதவள் என்பதால் அவளுக்கு வீட்டில் வாயாடி என்றுதான் பெயர். நடுத்தெருவில் இவர் ஒரு அம்மாள் மேல் மோதி, அந்தம்மா கையிலிருந்த ஐஸ்கிரீம் கீழே விழுந்தது. வேறொன்று வாங்கிக் கொடுத்து நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

"மானம் போகுது. நீங்க ஆடி அசைஞ்சு வாங்க" என்று முன்னால் நடந்தேன்.

படகுத்துறைக்கு வந்ததும் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அவர் கைப்பிடிக் கம்பியருகே நின்றார். வாயாடி அவருடைய இடது முழங்கையை உரசாத குறையாக நின்றாள். வாய் நிறையச் சோளப்பொரி, அதனால் அதிசயமாகச் சத்தமில்லை.

"பாப்பா!" என்று திடீரென்று அலறினார். "பாப்பா எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மகளுக்கும் வந்தது. அவர் திரும்பும்போதெல்லாம் அவளும் பக்கத்திலேயே நகர்ந்தாள். அவர் கம்பியைப் பிடித்துக் குனிந்து கீழே தண்ணீரைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, நான் இங்கதானே இருக்கேன்!"

அவளை வாரி அணைத்தவர், எதிரே நின்ற என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மகளை மணலில் விளையாட விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நேரா இருக்கிறது தெரியுது. ரெண்டு ஓரமும் தெரியல" என்றார். "டாக்டர்கிட்ட போனேன். போன பார்வை வராதாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய விட்டுடச் சொல்லுவ. அத விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது?

"போன வாரம் ஒரு பொடியன் பஸ்ஸ விட்டு இறங்கி முன்னாடி ஓடிட்டான். பக்கத்துல இருந்த ஆயா கத்துனாங்க, பிரேக்கப் போட்டேன். நான் அவனப் பாக்கவே இல்ல." மணலில் இருந்த மகள் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை சாவியக் குடுத்தா நான் வாங்கிக்குவேன். வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெம்பில்ல. நீயே மேனேஜருக்குப் போன் பண்ணிச் சொல்லிடும்மா."

கொலை செய்யச் சொன்னதுபோல் இருந்தது எனக்கு. அந்த பஸ்ஸைத் தினமும் விடியுமுன் தானே கழுவுகிற மனுஷன் அவர். ஆனால் இறங்கி ஓடும் பிள்ளைகளை நினைத்தேன். போனை எடுத்தேன்.

"என்னம்மா, கடல்ல ஆட்டமா?" என்று மேனேஜர் உற்சாகமாகக் கேட்டார்.

"அண்ணே, திங்கக்கிழமை இவரு வரமாட்டாருங்க."

"அட, அதுக்கென்ன! நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். செவ்வாய்க்கிழமை வந்துருவாருல்ல? அவர் கைல வண்டி இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

என் வீட்டுக்காரர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பேசியது அவருக்கும் கேட்டது.

"ஹலோ? இருக்கீங்களாம்மா?"

"இருக்கேண்ணே" என்றேன். அவர் கையை நீட்டி, என் கை எங்கே இருக்கிறது என்று தடவித் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே வரமாட்டாருண்ணே."