ஈயின் பெயருக்குப் பின்னால்

என் கணவருக்கு ஈ பார்ப்பதுதான் வேலை. முதல்முறை கேட்பவர்கள் சிரிப்பார்கள். மனுஷர் வேலைவெட்டி இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் நான் நாசூக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஓட்டவில்லை, பார்க்கிறார், அதற்கு அருங்காட்சியகத்தில் மாதச் சம்பளம் தருகிறார்கள் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். நான் பல் மருத்துவர். என் வேலையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு ஒரே மகள். நகரத்தின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் வேதியியலாளராக இருக்கிறாள். அவள் ஈ பக்கம் வரவில்லையே என்று அப்பாவுக்கு உள்ளூர வருத்தம். சாக்கடைத் தண்ணீரைச் சோதிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று ஒருமுறை வாயை விட்டுவிட்டு, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் ஈ அவளைத் தேடி அங்கேயே போய்விட்டது.

அந்த நிலையத்தில் பெரிய வட்டத் தொட்டி ஒன்று உண்டு. உள்ளே ஆளுயரத்துக்குச் சரளைக்கல் நிரப்பியிருப்பார்கள். மேலே நீண்ட குழாய்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டே கழிவுநீரைத் தெளிக்கும். கல்லில் படியும் வழவழப்பு அழுக்கைத் தின்னும். அந்த வழவழப்பைத் தின்ன ஒரு சின்ன ஈயின் புழுக்கள் வரும். குளியலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில், உடம்பெல்லாம் மயிரோடு ஒட்டிக்கொண்டிருக்குமே, தட்டினால் தூளாக உதிருமே, அந்த ஜாதி ஈ. கடுகளவுதான் இருக்கும். நிலையத்தில் எல்லோருக்கும் அது தொல்லை. மூக்கில் ஏறுகிறது, டீயில் விழுகிறது என்று திட்டுவார்கள். மகளும் முதலில் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் அப்பா ரத்தம் எங்கே போகும்? சாப்பாட்டு இடைவேளையில் தொட்டி ஓரமாக நின்றவள், பார்க்க ஒரே மாதிரி இருந்த ஈக்களில் சில மட்டும் எப்போதும் தலைகீழாக உட்காருவதைக் கவனித்தாள். அவற்றைத் தனியாகப் பிடித்தாள். ஆய்வகத்தின் மூலையில் ஈரக்கல் போட்ட கண்ணாடி ஜாடிகளில் வளர்த்தாள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைகீழாகவே உட்கார்ந்தன. பிறகு ஆண் ஈக்களின் பின்பகுதியைக் காரக் கரைசலில் வேகவைத்து, கண்ணாடிச் சில்லில் பதித்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைந்தாள். ஒரு ஈ இன்னொரு ஈயை எதை வைத்து அடையாளம் காண்கிறதோ எனக்குத் தெரியாது. இவர்கள் அடையாளம் காண்பது பின்பக்கத்தை வைத்துத்தான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என்ன பேச்சு ஓடும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவள் வரைந்த படங்களும், சில்லுகளும், குப்பிகளில் சாராயத்தில் ஊறும் ஈக்களும் ஒரு பெட்டியில் அப்பாவிடம் வந்து சேர்ந்தன. இதற்குச் சொந்தபந்தமான ஈக்கள் உலகத்தில் எங்கெங்கே உண்டோ அத்தனையோடும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். மாதக்கணக்கில் அந்த வேலை நடந்தது. முடிவில், இதுவரை யாரும் எழுதி வைக்காத ஈ என்பது உறுதியாயிற்று. அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. செருப்போடு சமையலறை வரை வந்து சொன்னார்.

அதற்கப்புறம் ஒரே ரகசியம். எழுதுகிறார், நான் வந்தால் திரையை மூடுகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் மறைத்த முதல் விஷயம் ஒரு ஈயாக இருந்ததில் எனக்கு ஒருவகையில் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் அச்செடுத்த கட்டுரையை அவள் கையில் கொடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் வரியிலேயே ஈயின் பெயர் இருந்தது. எங்கள் மகளின் பெயர், லத்தீன் வாலோடு. அவள் பிறந்தபோது அவர் ஏதோ மலையில் வலையோடு சுற்றிக்கொண்டிருந்தார். பெயர் வைத்தது நானும் என் அக்காவும். அவளுக்காக ஒன்றுக்குப் பெயர் வைக்கும் வாய்ப்பு அவருக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. 

மகள் நிதானமாக முழுவதும் படித்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிவந்து, "எழுதினவங்க இடத்துல உங்க பேரு மட்டும் இருக்குப்பா" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. நன்றி சொல்லும் பத்தியில் அவளைப் பற்றி நாலு வரி எழுதியிருப்பதைக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை.

இதில் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. எனக்கே அன்றைக்குத்தான் விளங்கியது. ஒரு பூச்சியின் பெயரை எழுதும்போதெல்லாம், அதை முதன்முதலில் விவரித்து எழுதியவர் யாரோ அவர் பெயரையும் பின்னாலேயே எழுதுவார்கள். நூறு வருஷம் கழித்து எழுதுகிறவரும் அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் தன் பூச்சிக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வது அவர்கள் கூட்டத்தில் மகா அசிங்கம். அதைத் தடுக்கச் சட்டம் கிடையாது. செய்தால் ஆயுளுக்கும் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள். ஆக, மகளின் பெயர் ஈயாக இருக்கலாம், இல்லை ஈயை எழுதியவளாக இருக்கலாம். இரண்டும் நடக்காது. அவர் அவளுக்குப் பெரியதைத்தான் கொடுத்திருப்பதாக மனதார நம்பினார். எழுதியவர்கள் ஆயிரம் பேர் உண்டு, ஈயாகவே ஆனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

"செத்துப்போனவங்களுக்கும், பணம் குடுத்தவங்களுக்கும் வைக்கிற மாதிரி எனக்குப் பேரு வச்சிருக்கீங்க" என்றாள் மகள். "வேலை பண்ணினவ நான். நான் இன்னும் உயிரோடதான இருக்கேன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இரண்டு பேருக்கு நடுவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதற்கு நான் தயாரில்லை. காதை மட்டும் கூடத்திலேயே விட்டுவிட்டுப் போனேன்.

அவள் அத்தோடு நிறுத்தவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டி, இது தப்பு என்றாள். ஆண் ஈயின் தலைக்குப் பின்னால் பைகள் கிடையாது, நெருங்கிய சொந்தக்கார ஈயிடமிருந்து இதைப் பிரித்துக்காட்டும் முக்கியமான அடையாளம் அதுவே என்று அவர் எழுதியிருந்தார். பெட்டியிலிருந்த ஒரு ஈயைக்கூட விடாமல் பார்த்துத்தான் எழுதினேன் என்றார் அவர், சற்றுச் சூடாகவே. அவர் எழுதியதில் தப்பு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரம் வீட்டில் நிலவிய அமைதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கட்டுரை அனுப்பப்படாமல் மேஜையில் கிடந்தது. இவர் பிடிவாதமாக அனுப்பிவிட்டால் அவள் இனி இந்த வீட்டுக்குச் சும்மா வந்து போகிறவளாகத்தான் இருப்பாள், ஈயைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றியும் அவரிடம் வாய் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளை வளர்த்தவள் நான். அவள் சண்டை போடுகிற வரைக்கும் பயமில்லை. மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் பயம்.

அடுத்த ஞாயிறு வந்தாள். கையில் துணி கட்டிய சிறு ஜாடி. அப்பாவின் மைக்ராஸ்கோப்பைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தாள். குழிந்த கண்ணாடித் தட்டில் ஒரு ஆண் ஈயை விட்டு மேலே மெல்லிய தகடு போட்டாள். பிறகு ஓரத்தைத் தூக்கி ஒரு பெண் ஈயையும் உள்ளே விட்டாள்.

"இப்ப பாருங்க" என்றாள்.

அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. நானும் போய்ப் பார்த்தேன். ஆண் ஈ தலைகீழாக நின்று இறக்கையைத் தட்டிக்கொண்டிருந்தது. அதன் தலைக்குப் பின்னால், இரண்டு பக்கமும், வெள்ளையாக இரண்டு பைகள் ஊதிப் பெருத்து வெளியே வந்தன. பெண் ஈ நகர்ந்ததும் உள்ளே சுருங்கிவிட்டன. மறுபடி நெருங்கியதும் மறுபடி வந்தன. உயிரும் பெண்ணும் இருந்தால்தான் அவை வெளியே வரும் என்று மகள் சொன்னாள். சாராயத்தில் விழுந்த ஈயிடம் அது எப்படித் தெரியும்? ஊறிச் சுருங்கி, இருந்த இடமே தெரியாமல் போயிருக்கிறது. அவர் வாழ்நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தது செத்த ஈக்களைத்தான். அந்தக் கட்டுரை அப்படியே வெளியாகியிருந்தால், நாளைக்கு எங்கோ ஒருவர் இதே ஈயை உயிரோடு பிடித்துப் பார்த்துவிட்டு, அதில் சொன்ன ஈ இது இல்லை என்று தூக்கிப் போட்டிருப்பார்.

"நீ இதைப் பெட்டியோடயே எழுதி அனுப்பியிருக்கலாமே" என்றார், குரல் இறங்கி.

"நீங்க கேட்டிருக்கலாமே. நான் பிடிச்சுக் குடுத்தவள்னு நினைச்சீங்க. பார்த்தவள்னு நினைக்கல."

 அவர் கட்டுரையை இழுத்து, பேனாவை எடுத்து, முதல் வரியில் இருந்த அவள் பெயரை அடித்தார். ஒரே கோடுதான், ஆனால் மெதுவாகப் போட்டார். தான் ஆசை ஆசையாக வாங்கிய புடவையைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கிறவர் மாதிரி இருந்தது. அவருக்காக எனக்கு வலித்தது. அவளுக்காகச் சந்தோஷமாகவும் இருந்தது. எதை முகத்தில் காட்டுவது என்று தெரியாமல் காபி போடப் போனேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். எழுதினார்கள் என்பதைவிட அடித்துக்கொண்டார்கள் என்பது பொருத்தம். இறக்கையின் நிறம் சாம்பலா, பழுப்பா என்று ஒரு மதியம் முழுக்கச் சண்டை. ஈக்கு அவள் புதுப் பெயர் வைத்தாள். ஈரக்கல்லில் வாழ்வது என்று அதற்கு அர்த்தமாம். உப்புச்சப்பில்லாத பெயர் என்று முணுமுணுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. எழுதியவர்கள் வரிசையில் அவளை முதலில் போட்டுக் கட்டுரையை அனுப்பியதும், அனுப்பும்போது கேட்ட விவரங்களை நிரப்பியதும் அவர்தான். நல்ல மனதோடுதான் செய்தார்.

அச்சுக்கு முன்னால் சரிபார்க்கச் சொல்லி அனுப்பும் பிரதி ஒரு காலையில் வந்தது. நான் கிளினிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தேன்.

ஈயின் பெயர் இருந்தது. அதன் பின்னால், வழக்கப்படி, எழுதிய இரண்டு பேரின் பெயர்கள். முதலில் என் கணவரின் பெயர். அடுத்தும் என் கணவரின் பெயர்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் விளங்கியது. அந்த இடத்தில் முழுப் பெயரைப் போட மாட்டார்கள், கடைசிப் பெயரை மட்டும் போடுவார்கள். குடும்பப் பெயர் என்று கேட்ட கட்டத்தில், பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து நாங்கள் எழுதிவந்ததைப் போலவே, அவள் பெயருக்குப் பின்னால் தன் பெயரை எழுதி நிரப்பியிருக்கிறார். ஈயின் ஒவ்வொரு ரோமத்தையும் சரிபார்க்கிற மனுஷருக்கு அது கண்ணில் படவே இல்லை. எனக்கும் பட்டிருக்காது. எங்களுக்கு அதில் பார்க்க ஒன்றும் இருந்ததில்லை.

இதை அவளிடம் சொல்லாமலே சரிசெய்துவிடலாமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அவள் வேலையில் இருந்தாள். பின்னணியில் கல்லின் மேல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். 

"நான் விலகிக்கறேன்மா" என்றார். "என் பேரை மொத்தமா எடுத்துடறேன். உன் பேரு மட்டும் இருக்கட்டும். உன் ஈ."

தண்ணீர்ச் சத்தத்தை விட்டு அவள் தள்ளி வருவது கேட்டது.

"அதெல்லாம் வேண்டாம்பா. சேர்ந்துதான எழுதினோம், உங்க பேரு உங்க இடத்துல இருக்கட்டும். என் பேருல இருக்கறத மட்டும் எடுத்துடுங்க."

சரிம்மா என்றார். போனை வைத்துவிட்டு, முதல் இடத்திலிருந்த தன் பெயரைப் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். காலியான இடத்தில் அவள் பெயரைத் தட்டச்சு செய்தார். பிழை ஏதும் இருக்கிறதா பார் என்று எனக்கு வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை என்றேன்.