ஏழுமலை சார்

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று அமலராணி கேட்டதும், குஜாம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிற அதே பதிலைச் சொன்னாள். "ஏழுமலையான் பேருதான்." ரேஷன் கடையில் கேட்டாலும் இதுதான், ஆஸ்பத்திரியில் கேட்டாலும் இதுதான். அவர்கள் சிரித்துக்கொண்டே வெங்கடேசனா, ஸ்ரீநிவாசனா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். சரியானது வரும்போது இவள் தலையை ஆட்டுவாள், வேலை முடிந்துவிடும். ஆனால் அன்றைக்கு அழுகையில் பாதி வார்த்தை தொண்டையோடு போய்விட்டது. வெளியே வந்தது 'ஏழுமலை' மட்டும்தான். அமலராணியும் "ஏழுமலை சாருக்கு அப்ப என்ன வயசும்மா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். குஜாம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருத்தத்தான் வாயைத் திறந்தாள். திருத்துவதென்றால் சரியான பேரைச் சொல்லியாக வேண்டுமே. அப்படியே மூடிக்கொண்டாள்.

மகள் மிருதுளாதான் பிடிவாதம் பிடித்து அழைத்துவந்தது. கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு வேலை. அங்கே யாரோ சொன்னார்களாம், கிழக்குத் தாம்பரத்தில் பல் டாக்டருக்கு மேல்மாடியில் அமலராணி என்று ஒரு அம்மா இருக்கிறார், ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, உட்காரவைத்துப் பேசியே தேற்றுவார் என்று. "பேசறதுக்கு ஒரு டாக்டரா? ஏன், ஆத்துல பேச ஆளில்லையா?" என்று கேட்டாள் குஜாம்பாள். ஆத்தில் பேச ஆளில்லைதான். மிருதுளா காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். அதுவரை சிட்லபாக்கத்து வீட்டில் குஜாம்பாளும் ரயில் சத்தமும்தான். ஹாரன் கேட்டால் போதும், கையில் டம்ளர் இருந்தால் டம்ளர் விழும், கரண்டி இருந்தால் கரண்டி விழும். அவள் அடுப்படியிலேயே, எண்ணெய் காய்கிறதா தீய்கிறதா என்று கூடத் தெரியாமல், சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிடுவாள்.

அவர் போன கதை காலனி முழுக்கத் தெரியும். போன ஆவணியில் சானடோரியம் ஸ்டேஷனில் தண்டவாளத்தைத் தாண்டும்போது எக்ஸ்பிரஸ் அடித்துவிட்டது. தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு இரண்டு பேரும் மாம்பலத்தில் ஒரு சீமந்தத்துக்குப் போய்விட்டு ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். தண்டவாளம் என்றாலே இவளுக்கு நடுக்கம், அதனால் பாலம் ஏறினாள். அவருக்கு முட்டிவலி, நாலு பேரோடு சேர்ந்து கீழேயே இறங்கிவிட்டார். பாதிப் பாலத்தில் எதேச்சையாகத் திரும்பியவள் கண்ணில் பட்டது, நின்றிருந்த வண்டியின் மறைவிலிருந்து இன்னொன்று வருவது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "ஏன்னா... ஏன்னா..." சாயங்கால ஸ்டேஷனில் எத்தனை மாமிகள் எத்தனை 'ஏன்னா'க்களைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பெண்டாட்டி குரல் தெரியாதா என்றால், கத்திய கத்தலில் அது அவள் குரலாகவே இல்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறாள் என்று அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார். பேர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சின்ன வயசில் அம்மா சொல்லிவைத்தது, அந்த நுனியிலேயே அதைப் பிடித்து நிறுத்திவிட்டது. ஆயுசாம் ஆயுசு. "நான் பார்க்கலைடி, பாலத்துல வந்துண்டிருந்தேன்" என்றுதான் மகளிடம் இன்றுவரை சொல்லியிருக்கிறாள். இதை ஒரு மனுஷரிடமாவது சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்கே தெரியும். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்றுதான் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் ஏழுமலை வந்து சேர்ந்தார். வாராவாரம் சனிக்கிழமை அமலராணி எதிரே உட்கார்ந்து, "ஏழுமலை சாருக்கு என்ன பிடிக்கும், எதுக்குக் கோபம் வரும்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். சும்மா இருக்கக்கூடப் படித்துப் பட்டம் வாங்க வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவு பாந்தமாக இருப்பாள். குஜாம்பாளுக்கு முதலில் எரிச்சலாக வந்தது, பிறகு பேச்சு வந்தது. ஏழுமலைக்கு வத்தக்குழம்பு மறுநாள்தான் ருசிக்கும். ஏழுமலை டிவியில் செய்தி வாசிப்பவரோடு சண்டை போடுவார். வாசலில் செருப்பை விடும்போதே "குஜம், காப்பி" என்பார், காப்பி வருவதற்குள் இன்னும் நாலு குஜம் போடுவார். சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது. ஏழுமலை என்று எத்தனை தடவை சொன்னாலும் நாக்கு கூசவில்லை. அந்த ஏழுமலை தண்டவாளத்துப் பக்கமே போகாதவர், கம்பியில் துணி உலர்த்திக்கொண்டு நன்றாகவே இருந்தார். டம்ளர் விழுவது குறைந்தது. சில நாள் விடியும்வரை தூங்கினாள். "பார்த்தியா, நான் சொன்னேனே" என்றாள் மிருதுளா.

ஆடி மாசத்தில் ஒரு சனிக்கிழமை மிருதுளா ஸ்கூட்டியில் கூப்பிட வந்தவள் மாடிவரை ஏறிவந்தாள். வாசல்வரை வந்த அமலராணி, "ஏழுமலை சாருக்கு வருஷத் திதி வருதாமே. அந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"யாருக்கு?"

"உங்கப்பாவுக்கு."

"எங்கப்பா பேரு ஸ்ரீநிவாசன், மேடம்." மிருதுளா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. குஜாம்பாள் கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றாள். அமலராணி மிருதுளாவைக் கீழே காத்திருக்கச் சொல்லிவிட்டு, "ஒரு நிமிஷம் உள்ள வாங்கம்மா" என்று அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் தப்பாக் கேட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க. ஆனா இத்தனை மாசமா நீங்க ஏம்மா திருத்தலை?"

"திருத்தணும்னா சொல்லணுமே" என்றாள் குஜாம்பாள். "அன்னிக்கும் சொல்லலை."

"என்னிக்கு?"

அவ்வளவுதான். பாலம், கம்பி, பையைத் தோள் மாற்றியது, நாக்கு நுனி, எல்லாம் கொட்டிவிட்டது. நடுவில் எங்கேயும் அமலராணி குறுக்கிடவில்லை. உங்கள் தப்பில்லை என்று சட்டென்று சொல்லி வாயை அடைக்கவும் இல்லை. குஜாம்பாள் ஓய்ந்து தண்ணீர் குடித்து முடித்த பிறகு, நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப கூப்பிடணும்னு தோணுதாம்மா? கட்டாயமில்ல" என்றாள்.

"ஸ்ரீநிவாசன்" என்றாள் குஜாம்பாள்.

வந்துவிட்டது. சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரி, சாதாரணமாக, தடையே இல்லாமல் வந்துவிட்டது. இடி விழவில்லை, நாக்கு அழுகவில்லை. அமலராணிக்குக் கண் கலங்கியது. பாவம், குஜாம்பாளின் பாரம் இறங்கிவிட்டதென்று நினைத்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் குஜாம்பாள். "இவ்வளவு சுலபமா வர்றதே. இதுக்கா..."

"அந்த நேரத்துல உடம்பு உறைஞ்சுடும்மா. யாருக்கும் அப்படித்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும், ரயில் சத்தத்துல அவருக்குக் கேட்டிருக்கும்னு என்ன நிச்சயம்?"

அந்தக் கடைசி வாக்கியத்தை குஜாம்பாள் இறுகப் பிடித்துக்கொண்டாள். கேட்டிருக்காது. கத்தினாலும் கேட்டிருக்காது. படி இறங்கும்போது அதையே மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கீழே ஸ்கூட்டியருகே நின்ற மிருதுளாவிடம், "நீ போடி, நான் ரயில்ல வந்துடறேன்" என்றாள். ரயிலா? ஒரு வருஷமாக ஹாரனுக்கே குந்தி உட்கார்ந்த அம்மாவா? மிருதுளாவுக்கு வாயெல்லாம் பல். தாம்பரம் ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட்டு, டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்து, "வீட்டுக்கு வந்ததும் அடை வார்க்கறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு ஸ்டேஷன்தான். சானடோரியத்தில் இறங்கி, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பாலம் ஏறினாள் குஜாம்பாள். பாதியில் நின்றாள். கீழே ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் வழக்கம்போலத் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்குப் பாலம் ஏறப் பொறுமை இருக்கிறது. தாம்பரம் பக்கமிருந்து ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவசரக்காரர்கள் நாலே எட்டில் தாண்டிவிட்டார்கள், மற்றவர்கள் ஓரமாக நின்றார்கள். அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள், உட்காரவில்லை. வண்டி உள்ளே நுழைந்து, பாலமே அதிர்ந்து, பக்கத்தில் போகிறவர் பேச்சுக்கூடக் காதில் விழாத அந்த நேரமாகப் பார்த்துக் கத்தினாள்.

"ஸ்ரீநிவாசன்..."

தாண்டி முடித்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில், தோளில் பையோடு நடந்த ஒரு மனிதர் சட்டென்று நின்றார். வழுக்கைத் தலை, முன்பின் பார்த்திராத முகம். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு அவரைச் சுற்றிப் போனார்கள். அவர் நகரவில்லை. வண்டி தடதடவென்று போய்க்கொண்டே இருக்க, கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, தன்னைக் கூப்பிட்டது யார் என்று பாலத்தின் மேலிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.