ராடு சொன்ன பதில்

தலைநகர் கிஷினாவிலிருந்து சிறைக்கு வகுப்பு எடுக்க வந்த ஒலேசியா டீச்சர் நல்லவர்தான். அந்த நல்ல மனசுதான் வினையாகப் போயிற்று.

"இங்க பேசறது எதுவும் இந்த ரூமைத் தாண்டாதுப்பா," என்றார். எதிரே இருபதுக்கும் மேற்பட்ட கைதிகள், எல்லோரும் ஒரே கொட்டடியில் படுப்பவர்கள். அப்புறம் எங்கே தாண்டுவது?

"உங்க மனைவியோ காதலியோ சந்தோஷமா இருக்கணும்னு நீங்க என்ன செய்வீங்க?"

"திட்ட மாட்டேன் டீச்சர், காது கேக்காத மாதிரி இருந்துக்குவேன்," என்றான் ஒருவன். சிரிப்பு. அது அடங்குவதற்குள் கூட்டாளி டோரினுக்குப் பக்கத்தில் இருந்த ராடு கையைத் தூக்கினான். புதிதாக வந்த கிராமத்துப் பையன். மனைவி லிலியா என்றால் உயிர். டோரின் மேசைக்கடியில் அவன் காலை அழுத்தி மிதித்தான்.

"படுக்கையில எனக்குப் பிடிச்சது மட்டும்னு இல்ல டீச்சர். அவளுக்குப் பிடிச்சதையும் செய்வேன். வாயாலகூட."

"பாத்தீங்களா, இதுதான் அன்பு," என்று டீச்சர் பூரித்துப்போனார். அறையில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

சிறைக்குள்ளே கைதிகள் மத்தியில் ஒரு சட்டம் உண்டு. பெண்ணிடம் வாய் வைத்தேன் என்று ஒப்புக்கொண்டவன் தீட்டு. அவன் தொட்டதை யாரும் தொடமாட்டார்கள். அடையாளத்துக்கு அவன் தட்டில் ஆணியால் ஓட்டை விழும். கக்கூஸ் கழுவுவது கடைசிவரை அவன் வேலை. தெரிந்தே அவனோடு உட்கார்ந்து தின்றவனுக்கும் அதே கதிதான். எந்த மடையன் போட்ட சட்டமோ, அதிகாரிகளே அதற்குப் பயப்படுவார்கள். ராடு வந்த நாளிலிருந்து அவனும் டோரினும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டார்கள்.

அதைவிட மோசம் இன்னொன்று. ஒருநாள் முற்றத்தில், காதலி ஆஞ்செலாவின் நினைப்பு தாங்காமல், தானும் அப்படித்தான் என்று டோரின் அவனிடம் உளறியிருந்தான்.

சாப்பாட்டு வேளையில் கொட்டடித் தலைவன் ஸ்டாஸ் எதிரே வந்து உட்கார்ந்தான். குரலை உயர்த்தவே இல்லை.

"டோரின், இவன் கதை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"நீ எப்படி? உன் ஆளுகிட்ட?"

"சீ, என்னண்ணே."

ஸ்டாஸ் ராடுவின் பக்கம் திரும்பினான். "இவன் சொல்றது நெசமா?"

ராடு டோரினையே பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது.

"நெசந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது," என்றான்.

ஸ்டாஸ் ஓர் ஆணியை மேசைமேல் உருட்டிவிட்டான். "அப்ப இவன் தட்டுல ஓட்டைய நீயே போடு டோரின். பாத்துக்கிட்டிருக்கோம்."

டோரின் ஆணியைத் தட்டில் வைத்து, பூட்ஸைக் கழற்றி அதன் குதிகாலால் அடித்தான். தகரம் லேசில் இடம் கொடுக்கவில்லை. ஓட்டை விழுந்த தட்டைத் தரையில் தள்ளிவிட்டான். ராடு குனிந்து எடுத்துக்கொண்டு கக்கூஸ் பக்கத்துப் படுக்கைக்குப் போனான். போகும்போது திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அமைதியை டோரினால் தாங்க முடியவில்லை. இன்று காப்பாற்றினான். அடி தாங்காமல், அவமானம் தாங்காமல் நாளைக்கு ஒருநாள் வாயைத் திறந்தால்?

"பய ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க மாட்டான்," என்றான் ஸ்டாஸ், ரொட்டியைப் பிட்டபடி. "போன வருஷம் இதே மாதிரி ஒருத்தன் படுக்கைத் துணியில தூக்குல தொங்கிட்டான்."

டோரின் ராடுவின் படுக்கையைப் பார்த்தான். ஐயோ என்று அவன் மனம் பதறவில்லை. சீக்கிரம் நடந்தால் தேவலை என்று தோன்றியது.