நிற்கக் கூடாத தராசு

கொழுந்து மூட்டையோடு ஒரே ஒருவர் வரிசையில் நின்றாலும் தராசை நிறுத்தக் கூடாது. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எந்தப் பலகையிலும் எழுதி வைத்ததில்லை. ஆயினும் தோட்டத்தை நடத்தும் துரைமார் மாறினார்கள், தொழிலாளர் மாறினார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் எல்லோரும் கட்டுப்பட்டார்கள்.

தராசு இப்போது கணினியோடு பிணைந்திருந்தது. தொழிலாளி தன் அடையாள அட்டையைக் கருவியில் தொட்டதும் எடை தரவுத்தளத்தில் ஏறும். அப்படி ஏறும் ஒவ்வொரு மாற்றமும் பதிவுக் கோப்பாக இரண்டாம் வன்வட்டிலும் சேரும். மாதத் தொடக்கத்தில் எடுத்த முழுப் பிரதியின்மீது அந்தக் கோப்புகளை வரிசை குலையாமல் செலுத்தினால், முதல் வட்டு அழிந்தாலும் கடைசி மூட்டைவரை மீட்டுவிடலாம். இரண்டாம் வட்டு நிரம்பிவிட்டால் தரவுத்தளம் அசையாது, தராசும் உறைந்துவிடும். ஆகவே அலுவலக எழுத்தரான கணினிக் கிராணி சசிரேகா, கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்த பிறகே பழையவற்றை அழிப்பாள்.

நேற்று அவள் விடுப்பில் இருந்தாள். தராசு உறைந்தது. பெரிய கிராணி பக்கிரிசாமி நகலெடுக்காமலே அழித்துவிட்டார்.

"எதையெல்லாம் அழிச்சீங்க, அங்கிள்?"

"இருந்தத தூக்கிட்டேன். தராசு ஓடுதுலா, அப்புறம் என்ன?"

"நடுவுல அறுந்து போச்சு அங்கிள். இந்த டிஸ்க் செத்தா, நேத்துலேர்ந்து ஏறுன எடை ஒன்னும் திரும்ப வராது."

"சாவாதுலா. காலங்காத்தால வாய வைக்காத."

அவள் மேசைக்கடியில் இருந்த பெட்டியைக் காட்டினாள். உள்ளே முதல் வட்டு டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூட்டைக்கும் திரை முன்னிலும் சற்று அதிகமாகத் தயங்கியது. புது வட்டு ஈப்போ நகரிலிருந்து நாளைதான் வரும். இப்போதே முழுப் பிரதி எடுத்தால் எல்லாம் தப்பும். ஆனால் தராசை ஓட்டிக்கொண்டே பிரதி எடுக்கும் தெம்பு அந்தப் பழைய கணினிக்கு இல்லை.

"சாயங்காலம் எடு, ரேகா. துரை கேட்டா யாரு பதில் சொல்றது?"

"சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?"

"அது ஒன் வேல."

கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே பனிமூட்டத்துக்குள் வரிசை நீண்டு கிடந்தது. கையால் நிறுத்துக் குறிக்கவும் வழியில்லை; பழைய தொங்கு தராசு, சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் நின்று படமெடுப்பதற்காகச் சாலையோரத் தேநீர்க் கடைக்குப் போய்விட்டது. காக்கவைத்தால் கெட்டுப்போகும் கொழுந்து, மூட்டைக்குள் சூடேறிக்கொண்டிருந்தது.

"கிராணிம்மா, கம்ப்யூட்டர் தூங்குதா? ஒரு கோப்பி வாங்கியாரவா?" என்றான் முன்னால் நின்ற வசந்தன். வரிசை சிரித்தது.

"நீ வேற! வெரசா போடும்மா, மழைக்கு முன்னால இன்னொரு நடை வெட்டணும்," என்றாள் அவனுக்குப் பின்னால் நின்ற அம்சவல்லி.

நேற்று முழுதும் மழையில் நனைந்து அம்சவல்லி வெட்டிய கொழுந்தின் எடை, அந்தத் துடிக்கும் வட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. அது அவளுக்குத் தெரியாது. அதைக் காப்பாற்றுவதற்குச் சசிரேகா அவளையே காக்கவைக்க வேண்டும். அறையில் பெரிய கிராணி, வெளியே வரிசை. இரு பக்கமும் ஒரே சொல்லைத்தான் சொல்லின: ஓட்டு.

வசந்தன் அட்டையைத் தொட்டான். டக். எடை ஏறவில்லை. டக், டக். திரை வெளுத்தது. சசிரேகாவின் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றின. நெடுநேரம் கழித்து எடை ஏறியது.

"பாத்தியா, வந்துருச்சு!" என்றார் பக்கிரிசாமி. "அடுத்த ஆளக் கூப்புடு."

அம்சவல்லி மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தாள்.

சசிரேகா எடைத்திரையை மூடினாள். தராசின் சிவப்பு எண்கள் அணைந்தன. பின்னால் பக்கிரிசாமியின் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சன்னலைத் திறந்து, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"தராசு தானா நிக்கல. நான்தான் நிறுத்துனேன். நேத்து நீங்க வெட்டுனதக் காப்பாத்தி முடிக்கிற வரைக்கும் ஒரு மூட்டையும் ஏறாது. மூட்டைய எறக்கி வைங்கக்கா."