மேலடுக்கு

நோணாங்குப்பம் பாலத்தில் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, மழைக்கோட்டுக்குள் கையை விட்டு அமலன் போனை எடுத்தான். பிரான்சுவா. சொல்தா பென்ஷன்காரர். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஊர் திரும்பி, இப்போது பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தைக் கவனித்துக்கொள்பவர். காரணமில்லாமல் கூப்பிடுகிற ஆள் இல்லை.

“தம்பி, நம்ம இருதயமேரி மகன் லூர்துபிரகாஷ் போய்ட்டான். காலைல.”

“அப்டியா.”

“மஞ்சக்காமாலன்றாங்க. என்னா காமால, குடிதான். பொதுக்குழி வெட்டினா தண்ணி ஊறுது. பக்கிரி வெட்டி வெட்டிப் பாத்துட்டான், எங்க வெட்டினாலும் முழங்கால் தண்ணி. அவங்கப்பன் குழிய போன வருஷந்தான் தொறந்து தம்பிகாரன வெச்சாங்க. இப்ப தொறக்க முடியாது. ஊருக்கு வெளிய புது எடத்துக்கு எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டோம். அம்மாகாரிதான் உக்காந்து அழுவுது. பஸ் ஏறி எறங்கற காலா அது?”

அமலன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“மேட்டுல, கட்டின குழியா, காலியா இருக்கறது ஒண்ணே ஒண்ணு. உன்னுது. நான் கேக்கல தம்பி. கமிட்டியும் கேக்காது. தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன். அவ்ளோதான்.”

போனை வைத்த பிறகும் அவன் அங்கேயே நின்றான். படகுக் குழாமில் படகுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அலுவலகத்துக்கு என்று கிளம்பி, அலுவலகத்தைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்திருந்தான். இப்படித்தான் ஆகிறது. வீட்டில் உட்கார முடிவதில்லை. போன இடத்திலும் நிற்க முடிவதில்லை.

மனைவி கவிநிலா டெங்குவில் போனது போன மழைக்காலத்தில். குழியை இரண்டு அடுக்காகக் கட்டச் சொன்னவன் அவன்தான். கீழே அவள். நடுவில் ஒரு கல். மேலே அவன். இந்த வயதில் தனக்கும் குழி கட்டிக்கொள்கிறானே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வேறு பெண் பார்க்கிறோம் என்று யார் வந்தாலும் அவன் மறுத்துப் பேசியதில்லை. அந்தக் காலி இடத்தை நினைத்துக்கொள்வான். போதும். அவனிடம் மிச்சமிருந்த ஒரே முகவரி அது.

இப்போது அந்த இடத்தில் லூர்துபிரகாஷ்.

கவிநிலாவின் பெட்டியை இறக்கும்போது கயிற்றின் ஒரு முனை லூர்துபிரகாஷ் கையில் இருந்தது. குடித்திருந்தான். பாதியில் விட்டுவிட்டான். பெட்டி தலைப்பக்கமாகச் சரிந்து போய்த் தரையில் இடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு அமலனுக்கு அழுகை வரவில்லை. அன்றோடு நின்றதுதான்.

ஸ்கூட்டரைக் கிளப்பினான். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம். எங்கே போகிறோம் என்று தீர்மானிக்காமல் தேங்காய்த்திட்டுப் பக்கம் திரும்பினான். துறைமுகத்தில் ஏலம் இல்லை, படகு போகவில்லை. ஒரு சுற்று சுற்றி வெளியே வந்தான். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை வாசிக்கிறவன் அவன். கடைசித் தலத்தில் ஒரு பணக்காரர் தனக்கென்று வெட்டி வைத்திருந்த கல்லறையை ஆண்டவருக்குக் கொடுத்துவிடுவார். மைக்கில் எத்தனையோ தடவை அதை அழகாக வாசித்திருக்கிறான். அந்தப் பணக்காரரின் மனைவி அதற்குள் படுத்திருக்கவில்லை. தவிர, அவருக்கு மூன்றாம் நாளே இடம் திரும்பக் கிடைத்துவிட்டது.

யாரும் கேட்கவில்லை. அதுதான் தொந்தரவு. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டு அலுவலகம் போயிருக்கலாம்.

உப்பளத்தில் இருதயமேரியின் சந்து முனையில் நீலத் தார்பாயைக் கட்டியிருந்தார்கள். கீழே நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில்.

“உயிரோட இருந்தப்ப ஒரு எடத்துல நின்னானா? இப்பப் பாரு, அவனுக்கு ஊரெல்லாம் எடம் தேடறோம்.”

“உன் வூட்டு மாடில வெச்சிக்கயேன்.”

“வெச்சிக்குவேன், வாடக குடுக்க மாட்டானே.”

அமலனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவன் வருவான் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

உள்ளே மகன் கிடந்த ஐஸ் பெட்டிமேல் ஒரு கையை வைத்தபடி இருதயமேரி சுவரில் சாய்ந்திருந்தாள். தெருத்தெருவாக மீன் சுமந்த கால்கள் இரண்டும் வீங்கி, நீட்டியபடி கிடந்தன. அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மகனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்று தேடினான். கிடைக்கவில்லை.

“உன் பொண்டாட்டி பொட்டிய வுட்டுட்டான்ல இவன்,” என்றாள் அவளே. “சொன்னாங்க. செருப்பால அடிச்சேன். திருப்பி என்ன அடிச்சான்.”

ஐஸ் பெட்டியின் மூடியை முந்தானையால் துடைத்தாள்.

“நல்லவன்னு சொல்ல மாட்டேம்பா. ஆனா சாயந்தரம் ஆச்சின்னா சின்னவன் குழிகிட்ட போய்க் குந்திக்கினு இருப்பேன். இவனும் அங்க இருந்தா ஒரே நடையா ரெண்டு பேரயும் பாத்துக்குவேன். அங்க தூரமாப் போட்டா யாரு இட்டுக்கினு போவா?”

அவள் எதையும் கேட்கவில்லை. பிரான்சுவா அவளிடம் சொல்லியிருக்கவில்லை என்பது தெரிந்தது. எழுந்து போய்விடலாம். அவன் எழுந்தான்கூட. பிறகு வாசலருகே நின்று, யாரிடமோ விலாசம் சொல்வது போலச் சொன்னான்.

“எங்க குழில மேல காலியா இருக்கு. அங்க வெச்சிக்கலாம்.”

இருதயமேரி நிமிர்ந்தாள். “அது உன்னுதாச்சே?”

“ஆமா.”

“நீ எங்கப்பா போவ?”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

வெளியே வந்தபோது செய்தி முந்திக்கொண்டிருந்தது. “பொண்டாட்டி மேல குடிகாரனப் படுக்க வைக்கிறான் பாருய்யா,” என்று தார்பாயின் கீழ் ஒரு குரல், காதில் விழட்டும் என்றே. அமலன் திரும்பினான். கை முஷ்டியாகியிருந்தது. யார் பேசியது என்று தெரிந்தது. அந்தக் கையாலேயே போனை எடுத்து, பிரான்சுவாவைக் கூப்பிட்டு, பக்கிரியைக் கடப்பாரையோடு வரச் சொல்லுங்கள் என்றான்.

“நல்லா யோசிச்சியா தம்பி? ஒருதரம் வெச்சிட்டா அது அவனுதுதான்.”

“யோசிச்சா மாட்டேன்னு சொல்லிடுவேன் முசே. வரச் சொல்லுங்க.”

மேல்கல்லை நெம்பித் தள்ளியபோது உள்ளே காய்ந்திருந்தது. சிமென்ட் வாசனைகூடப் போகவில்லை. தன் உயரத்துக்குச் சொல்லிக் கட்டிய இடம். அவன் அதைப் பார்த்தான். நினைத்ததைவிடக் குறுகலாக இருந்தது. சாமியார் மழைக்குப் பயந்து சீக்கிரம் மந்திரித்து முடித்தார். பெட்டி ஆடாமல் இறங்கியது. இருதயமேரி இரண்டு பெண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு விளிம்புவரை வந்து குனிந்தாள். மகனிடம் பேசப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“அம்மாடி,” என்றாள், அவனுக்கும் கீழே இருப்பவளிடம். “குடிச்சிட்டுக் கத்துவான். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. நான் சாயந்தரம் சாயந்தரம் வந்து கேட்டுக்கறேன்.”

அமலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கல்லை மூடி, பக்கிரி சந்துகளில் கலவை பூசத் தொடங்கியதும் மழை வலுத்தது. கூட்டம் கேட்டை நோக்கி ஓடியது. ஒரு தார்பாய்தான் இருந்தது. இரண்டு முனைகளைப் பக்கத்துச் சிலுவைகளில் கட்டினார்கள். எதிர்ப்பக்கம் கட்ட ஒன்றும் இல்லை. ஒரு முனையை அமலன் பிடித்துக்கொண்டான். மறுமுனையை, யார் சொல்லியும் கேட்காமல், இருதயமேரி பிடித்துக்கொண்டாள்.

“கலவ இறுகற வரைக்கும் புடிங்க,” என்றான் பக்கிரி, மண்டியிட்டபடி. “ஒரு சொட்டு வுழுந்தாலும் கரைஞ்சிடும்.”

தார்பாயின் நடுவில் தண்ணீர் சேர்ந்து தொட்டிலாகத் தொங்கியது. அவளால் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. முனை தாழத் தாழ, தண்ணீர் மெல்ல அவள் பக்கம் நகர்ந்தது. அமலன் தன் முனையைத் தோளுக்கு இறக்கினான். பிறகு மார்புக்கு. தேங்கியிருந்தது மொத்தமும் திரும்பி, குளிர்ந்து, அவன் மார்பில் சட்டைக்குள் இறங்கத் தொடங்கியது.