வெர்லின் பெயருக்கு வந்த கடிதங்கள்

இறந்து ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, வெர்லின் ட்வைட் தன் வீட்டுச் சமையலறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். புதன்கிழமை என்பவர்களும் உண்டு. ஆனால் கடன் அட்டை நிறுவனத்தின் முதல் கடிதத்தை அவர் மனைவி ஆர்லிஸ் பிரித்தது செவ்வாய் என்பதால் அதுவே சரியாக இருக்க வேண்டும். வெர்லின் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகவும், மே முப்பத்தொன்று வரை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் அதில் இருந்தது. மே முப்பத்தொன்று வரை அவர் உட்கார்ந்திருந்தார். அதற்குள் இன்னும் தள்ளிய கெடுவோடு நான்கு கடிதங்கள் வந்து ஆர்லிஸ் பிரித்துவிட்டதால் எழுந்து போகத் தேவையிருக்கவில்லை.

அவர் பேசவில்லை. ஆர்லிஸ் அவர் முன் காப்பி வைத்து, சோளம் முளைத்த கதையையும் பக்கத்துப் பண்ணைக் கதையையும் சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தவர்கள் அவருக்கும் ஒருமுறை தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மின்னசோட்டா மாநிலத்தில் அந்தக் கோடையில் அவளைவிட நிம்மதியான விதவை கிடையாது.

தபால்காரி டார்சி க்வாம் ஜூலையில் ஒரு கட்டு உறைகளை நீட்டியபடி அலுத்துக்கொண்டாள். "செத்தும் உன் வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு மூணு வருது. என் ஆளு உசுரோட இருக்காரு, ஒரு பய அட்டை தர மாட்டேங்கறான்!"

"இவருக்கு மட்டும் ஏன்டி வருது?"

"யார் யார் ஒழுங்கா கட்டறாங்கன்னு மூணு கம்பெனிக்காரன் எழுதி வெச்சிருக்கான். அட்டைக்காரன் வந்து கேட்டா பட்டியல் போட்டு வித்துடுவான். வெர்லின் ஒரு நாள் தவறுனதில்லையே. செத்ததை அவங்களுக்கு எழுதிப் போட்டியா?"

"ஊரே அடக்கத்துக்கு வந்துச்சே டார்சி, இன்னும் யாருக்குச் சொல்லணும்?"

உண்மைதான். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் முந்நூறு பேர் சாப்பிட்டுப் போன பிறகு, உலகத்தில் தெரியாதவர் யாரும் மிச்சமில்லை என்றே அவள் நினைத்திருந்தாள். அந்த மூன்று கம்பெனிக்குத் தெரியாது என்பது இப்போது தெரிந்தும் அவள் எழுதவில்லை.

அக்டோபரில்தான் அவள் அவரைச் சரியாகப் பார்த்தாள். அலுவலகத்தில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவரைப் போல நாற்காலியின் நுனியில் இருந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஆறு மாதமாக அவர் கண்ணை மூடியதே இல்லை. தன்னைத் தேடித்தான் வந்தார் என்று அதுவரை அவள் நம்பியிருந்தாள்; அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தது அந்தக் கடிதங்கள்.

"வெர்லின், களைப்பா இருக்கா?"

அவர் தலையசைத்தார்.

மூன்று கம்பெனிக்கும் கடிதம் எழுத ஒன்பது நாள் பிடித்தது. "காலமாகிவிட்டார்" என்ற சொல் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் பேனாவை வைத்துவிடுவாள். இறப்புச் சான்றிதழின் நகலை ஒவ்வொன்றிலும் வைத்து ஒட்டினாள். நவம்பரில் உறைகள் நின்றன. பிரித்ததில் கடைசிக் கடிதத்தின் கெடு டிசம்பர் பன்னிரண்டு.

அன்று நண்பகலில் பனி பெய்தது. வெர்லின் மெல்ல எழுந்தார்.

"கொஞ்சம் படுத்துக்கட்டுமா, ஆர்லிஸ்?"

போக வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது.

"படுத்துக்கோ," என்றாள்.

மறுநாள் டார்சி மின்கட்டணச் சீட்டோடு வந்து, சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

"எங்க வெர்லினைக் காணோம்?"

"தூங்கறாரு."

டார்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.